இருக்கிறது, இருந்தது

என் அக்காவின் பேரன் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருக்கிறான். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஏழெட்டு மாதமாகிறது. தீபாவளிக்கு வந்திருந்தபோது ஊஞ்சலில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினான். இத்தனை கனமான யந்திரம் எப்படி ஆகாயத்தில் நிற்கிறது என்பதை அவன் விளக்குவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவனுக்கு அதில் சுவாரஸ்யம் இருப்பதாகத் தெரியவில்லை.

"பறக்கிறது சுலபம் தாத்தா. பேசறதுதான் கஷ்டம்" என்றான்.

வாழ்நாள் முழுவதும் மனிதர்களைப் பேச வைத்தே பிழைத்தவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பயிற்சி விமானங்கள் நிறைந்த ஒரு நிலையத்தைச் சுற்றியுள்ள ஆகாயம் நாம் நினைக்கிற மாதிரி வெட்டவெளி இல்லையாம். அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தை ஒட்டி டியர் வேலி என்று ஒரு நிலையம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் பிரயாணி விமானங்கள் அங்கே வந்து போவதில்லை. ஆனால் வருஷக் கணக்குப் பார்த்தால், ஏறுவதும் இறங்குவதும் பல பெரிய நகரங்களின் நிலையங்களைவிட அங்கே அதிகம். எல்லாம் சின்ன விமானங்கள். பெரும்பாலும் மாணவர்கள். ஓடுபாதையிலிருந்து கிளம்பி, சுமார் ஆயிரம் அடி உயரத்தில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதுபோல் நீள்சதுரமாகச் சுற்றி வந்து, இறங்கி, சக்கரம் தரையில் பட்டதும் நிற்காமல் மறுபடி கிளம்ப வேண்டும். இதையே நாளெல்லாம் செய்கிறார்கள். வழக்கமாக இடப்பக்கமே திரும்புகிறார்கள் என்பதால் இதை அப்பிரதட்சிணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்தனை பேரையும் கோபுரத்திலிருந்து மேய்க்க வேண்டும். ஓர் அலைவரிசையைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இருவர் பேச்சும் கெட்டு ஒரு கீச்சொலிதான் மிஞ்சும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 'இத்தனை அடிக்கு மேல் ஏறாதே', 'இந்தத் திசையில் போ' என்று கன்ட்ரோலர் உத்தரவு கொடுத்தால், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரியா என்று கன்ட்ரோலர் கவனிக்க வேண்டும். அதுவரை சொன்னது சொன்னதாகாது. 'ராஜர்' என்று சினிமாவில் மிடுக்காகச் சொல்கிறார்களே, அதற்கு 'நீ பேசியது என் காதில் விழுந்தது' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாதாம். 'புரிந்தது' என்றோ 'செய்கிறேன்' என்றோ அர்த்தம் இல்லை. நம் வீடுகளில் நாள் முழுவதும் சொல்லப்படும் 'சரி சரி' அந்த ஜாதிதான்.

காதில் சரியாக விழாவிட்டால் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்க ஒரு சொல் உண்டு. தப்பாகச் சொல்லிவிட்டால் 'திருத்தம்' என்று ஒரு சொல் உண்டு. முடியாவிட்டால் 'இயலாது' என்பதற்கும் ஒரு சொல் உண்டு. எல்லாம் ஒற்றை வார்த்தைகள், அல்லது இரண்டு வார்த்தைகள்.

"இதில் என்னடா கஷ்டம்?" என்று கேட்டேன்.

"வார்த்தை தெரியும் தாத்தா. வாயிலேருந்து வராது. பத்து பேர் கேட்டுண்டிருப்பான்" என்றான்.

பிறகு, வகுப்பில் அவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கும் ஒரு விபத்தைச் சொன்னான். அவன் ஊருக்குப் போன பிறகு அதைப் பற்றிய விசாரணை விவரங்களைத் தேடிப் படித்தேன். அதிலிருந்து இன்னும் மீளவில்லை.

1978-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி, காலை ஒன்பது மணி. கலிபோர்னியாவில் ஸான் டியாகோ நகரம். ஆகாயம் நிர்மலமாக இருந்தது. பத்து மைல் தூரம் கண்ணுக்குத் தெரியும். 135 பேருடன் போயிங் 727 ஒன்று இறங்க வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால், சற்றுத் தாழ்வாக, ஒரு சின்ன செஸ்னா 172. அதில் இரண்டு பேர். ஒருவர் கற்பிப்பவர், மற்றவர் கருவிகளைப் பார்த்தே இறங்குவது எப்படி என்று கற்றுக்கொள்பவர். பெரிய விமானங்கள் இறங்கும் நிலையத்தில் அந்த இறக்கத்தைப் பழகிவிட்டு அவர்கள் வடகிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கன்ட்ரோலர் போயிங்கின் விமானிகளிடம், உங்களுக்கு நேர் முன்னால் ஒரு விமானம் போகிறது என்றார். 'கண்ணில் இருக்கிறது' என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அப்படியானால் கண்ணால் பார்த்தே விலகிப் போங்கள் என்று உத்தரவாயிற்று. இந்த இடம் முக்கியம். அதுவரை இரண்டு விமானங்களையும் ராடாரில் பார்த்துப் பிரித்து வைப்பது கன்ட்ரோலர் பொறுப்பு. 'கண்ணில் இருக்கிறது' என்ற சொல் வாயிலிருந்து வந்த கணத்தில் அந்தப் பொறுப்பு விமானிகளின் கைக்குப் போய்விட்டது. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு சொத்து இப்படிக் கைமாறினால் எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளாது.

சிறிது நேரத்தில் கோபுரத்திலிருந்து மறுபடி எச்சரித்தார்கள். ஒரு மைல் முன்னால் ஒரு செஸ்னா. விமானிகள் சொன்ன பதில், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தது என்பது. அடுத்தாற்போல், நமக்கு வலப்பக்கமாகக் கடந்துவிட்டது என்று நினைக்கிறேன் என்றார்கள். கோபுரத்தில் இருந்தவர் பிறகு சொன்னார், 'கடந்துகொண்டிருக்கிறது' என்றுதான் தம் காதில் விழுந்தது என்று.

எழுத்தாளன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருக்கிறது, இருந்தது. கடந்துகொண்டிருக்கிறது, கடந்துவிட்டது. எல்லாமே பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலக் கிளவிதான். நிகழ்காலம் இறந்தகாலமாக மாறியதை யாரும் கேட்கவில்லை. அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. 'இருந்தது' என்று உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் 'இருக்கிறது' என்று முதலில் சொன்னது வாபஸ் ஆகவில்லை. அது பாட்டுக்கு ரேடியோவில் வாழ்ந்துகொண்டிருந்தது.

விமானி அறையில் அவர்கள் தங்களுக்குள் பேசியதும் ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்தச் செஸ்னாவைத் தாண்டிவிட்டோமா என்று ஒருவர் கேட்கிறார். தாண்டியிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். அப்படித்தான் நினைக்கிறேன் என்கிறார் இன்னொருவர். ஒரு சிரிப்பு. கூட உட்கார்ந்து வந்த மற்றொருவர், அப்படியிருந்தால் சரி என்கிற மாதிரி தம் நம்பிக்கையைத் தெரிவிக்கிறார். கடைசியில் காப்டன், திரும்புவதற்கு முன்னால் பார்த்தேன், இப்போது நமக்குப் பின்னால் இருக்கும் என்கிறார். செஸ்னா பின்னால் இல்லை. முன்னால், கீழே, அவர்களுடைய மூக்குக்கு அடியில் இருந்தது. தனக்குச் சொல்லப்பட்ட திசையிலிருந்து அதுவும் கொஞ்சம் விலகிப் போயிருந்தது. அதையும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ராடார் அறையில் அபாய மணி அடித்தது. அத்தகைய மணி அங்கே தினமும் பல தடவை வீணாக அடிப்பது வழக்கம். மேலும், விமானிகள்தாம் கண்ணில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே!

சுமார் 2600 அடி உயரத்தில் மோதின. விமானங்களில் இருந்த 137 பேரும், கீழே வீடுகளிலும் தெருவிலும் இருந்த 7 பேரும் செத்தார்கள். 144 உயிர்.

கண்ணைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். பேரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆகாயத்தில் இன்னொரு விமானம் கண்ணாடியில் இடமோ வலமோ நகர்ந்துகொண்டிருந்தால் பயமில்லை, அது வேறு வழி போகிறது. மோதப் போகிற விமானம் நகராது. கண்ணாடியில் ஒரே இடத்தில் புள்ளியாக நின்றுகொண்டிருக்கும். மனிதக் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். புள்ளி வெகுநேரம் புள்ளியாகவே இருந்துவிட்டு, கடைசிச் சில விநாடிகளில் கண்ணாடி முழுவதும் நிறைந்துவிடுமாம். அதிலும் கீழே ஒரு நகரம் முழுக்கக் கூரைகளும் மரங்களும் இறைந்து கிடந்தால் ஒரு சின்ன விமானத்தை யார் கண்டார்கள்? ஆகவே அந்த விமானிகளுக்குக் கண் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணிலிருந்து மறைவது குற்றமே அல்ல. மறைந்ததைச் சொல்லாதது ஏன் என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், கொஞ்சம் இருக்கிறது.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடிப் பெருக்கு. திருவையாற்றுப் படித்துறை. புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. படியெல்லாம் பெண்கள், காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, சித்திரான்ன மூட்டைகள். அக்கா குளிக்க இறங்கினாள். அவள் பிள்ளைக்கு ஐந்து வயசு. சின்னச் சப்பரம் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். "பார்த்துக்கோடா" என்றாள். "பார்த்துண்டிருக்கேன், நீ போ" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் யாரோ ஒரு சிநேகிதன் வந்து தோளைத் தட்டினான். இரண்டு வார்த்தை பேசினேன். அக்கா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, "பையன் இருக்கானாடா?" என்று கத்தினாள்.

"இருக்கான்" என்றேன்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருந்தான். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி முங்கினாள்.

திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை. அப்போதாவது நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கூட்டத்தில் நுழைந்து தேடினேன். இங்கேதான் இருப்பான், இதோ அகப்பட்டுவிடுவான், அகப்பட்ட பிறகு அக்காவுக்கு எதற்கு இந்தப் பயம் என்று என் மனசு சமாதானம் சொல்லிற்று. உண்மையில் அக்காவின் பயத்துக்காக நான் அடக்கிக்கொள்ளவில்லை. 'இருக்கான்' என்று சொன்ன வாயால் 'காணோம்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆற்றைப் பார்க்கவும் பயமாக இருந்தது. பத்து அடி தூரத்தில் அவனைப் பெற்றவள் இருக்கிறாள். என்னைவிடக் கூர்மையான கண் அவளுக்கு. அவள் தேடவில்லை. தேடாததற்கு ஒரே காரணம் நான் சொன்ன சொல்.

பையன் வளையல்காரன் கூடைக்குப் பின்னால் குந்தி, கழன்றுபோன சப்பரச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? அக்காவிடம் கடைசி வரையில் நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் பையன்தான் இப்போது விமானம் ஓட்டப் படிப்பவனுக்கு அப்பன். தீபாவளியன்று அவன் பக்கத்தில்தான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். அவனிடமும் சொன்னதில்லை. இதை அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.

சொன்ன சொல் மாறாதவன் என்பது நம் நாட்டில் பெரிய பட்டம். அரிச்சந்திரன் கதையை விடிய விடியத் தெருக்கூத்தாக ஆடி ஊர் ஊராக அழுதிருக்கிறோம். பெண்டாட்டி பிள்ளையை விற்றாலும் சொல்லை விடாதவன். இந்தக் கதையில் வளர்ந்தவர்களுக்கு, சொன்னதை ஐந்து நிமிஷத்தில் மாற்றிச் சொல்வது கேவலமாகத்தான் படும். ஆனால் அரிச்சந்திரன் கொடுத்தது வாக்கு. நான் படித்துறையில் சொன்னது சேதி. வாக்கு என்பது உலகம் மாறினாலும் மாறக் கூடாது. அதுதான் அதன் பெருமை. சேதி, உலகம் மாறின நிமிஷத்தில் மாற வேண்டும். மாறாவிட்டால் அது பொய்யாகிவிடுகிறது, சொன்னவன் ஒன்றுமே செய்யாமல் சும்மா நின்றுகொண்டிருந்தால்கூட. சேதிக்கு வாக்கின் மரியாதையைக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் சங்கடம் என்று முதலில் நினைத்தேன்.

யோசிக்க யோசிக்க அவ்வளவு சுலபமாக இல்லை. எல்லாரும் நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லை மாற்றிக்கொண்டிருந்தால், பத்து விமானங்களை மேய்க்கிற கன்ட்ரோலர் யார் சொல்லை நம்பி அடுத்த வேலையைப் பார்ப்பது? ஒரு சொல் கொஞ்ச நேரமாவது நிற்கத்தான் வேண்டும். அக்கா முங்கி எழுந்திருக்கிற வரையிலாவது நிற்க வேண்டும். அப்படியானால் 'கண்ணில் இருக்கிறது' என்பது வெறும் சேதி அல்ல. அதற்குள்ளே ஒரு வாக்கும் ஒளிந்திருக்கிறது. 'இனி நான் பேசாமல் இருந்தால், இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறைந்தால் நானே கூப்பிட்டுச் சொல்வேன்' என்ற வாக்கு. சொன்னவனுடைய மௌனமும் அவன் பேச்சில் சேர்ந்துவிடுகிறது. ஆக, அரிச்சந்திரனுக்கும் இங்கே வேலை இருக்கிறது. 'காணோம்' என்று கத்துவதுதான் இங்கே சொல் தவறாமை. படித்துறையில் நான் வாய்மூடி நின்றபோது காப்பாற்றியது என் சொல்லை அல்ல, என் முகத்தை.

அமெரிக்க விசாரணை வாரியமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிற்று. விமானம் கண்ணிலிருந்து மறைந்ததும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, தெரிவிக்காததே முதற்காரணம் என்று முடிவு செய்தார்கள். ராடாரால் பிரித்து வைக்கக்கூடிய இடத்தில் கண்ணை நம்பி விட்ட ஏற்பாட்டைத் துணைக்காரணமாகச் சேர்த்தார்கள். உறுப்பினர் ஒருவர் மட்டும் இதற்கு இணங்கவில்லை. அந்த ஏற்பாட்டைத் துணைக்காரணம் என்று ஒதுக்கக் கூடாது என்று தனியாக எழுதி வைத்தார்.

எனக்கு அந்த ஒற்றை மனிதர்மேல் மரியாதை உண்டாகிறது. நம் பாரத்தைக் குறைக்கிற சொல் எதுவோ அதை நாம் சீக்கிரம் நம்பிவிடுகிறோம். 'கண்ணில் இருக்கிறது' என்று விமானி சொன்னதும் கன்ட்ரோலருக்கு ஒரு விமானம் குறைந்தது. 'இருந்தது' என்ற சொல்லில் உள்ள இறந்தகாலத்தைக் கேட்டால் அந்த விமானம் மறுபடி தலைமேல் வந்து ஏறிக்கொள்ளும். காது வேண்டுமென்று ஏமாற்றவில்லை. ஆனால் காதுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. சொல்பவன் குற்றம் பாதி, கேட்பவன் குற்றம் பாதி என்று தராசில் போட நான் தயாராக இல்லை. என் அக்காவை அந்தத் தராசில் என்னால் வைக்க முடியாது. இரண்டு விமானத்தையும் தன் கண்முன் வைத்துக்கொண்டு, வேறொருவன் கண்ணை நம்பிய ஒரு பெரிய இலாகாவை வைக்கலாம் என்று தோன்றுகிறது. செத்தவர்களைக் குற்றவாளிகளாக்குவது எப்போதும் சுலபம், அவர்கள் திருப்பிச் சொல்ல மாட்டார்கள்.

பிற்பாடு இதற்கெல்லாம் கருவிகள் வந்தன. 1986-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே ஸெரிட்டோஸில் ஒரு மெக்ஸிகோ விமானமும் ஒரு சின்ன விமானமும் மோதிய பிறகு, பெரிய விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. பயிற்சி விமானங்களில் இன்றும் பெரும்பாலும் கண்ணும் காதும் வாயும்தான்.

கனடாவில் மாண்ட்ரியல் நகருக்குப் பக்கத்தில் ஸேன் ஹூபேர் என்ற நிலையம். பல தேசத்துப் பிள்ளைகள் பறக்கப் படிக்கிற இடம். 2017-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி, வெளிச்சமான பகலில், அங்கே இரண்டு பயிற்சி விமானங்கள் மோதிக்கொண்டன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர். கிளம்பிப் போனவருக்கு 1100 அடிக்கு மேல் ஏறக் கூடாது என்று உத்தரவு. மோதியது 1500 அடியில். ரேடியோவில் ஏதோ தகராறு, அதைச் சரிப்படுத்துவதில் கவனம் போய்த் தம்மை அறியாமல் ஏறியிருக்க வேண்டும் என்று அந்நாட்டு விசாரணையில் கருதினார்கள். ஒரு விமானம் ஒரு பெரிய கடைத்தொகுதியின் கூரைமேல் விழுந்தது, மற்றது அதன் வண்டி நிறுத்தும் இடத்தில். ஒருவர் இறந்தார். மற்றவர் பலத்த காயத்தோடு பிழைத்தார். பலவிதத் திறமையும் பலவிதப் பாஷைத் தேர்ச்சியும் உள்ளவர்கள் ஒரே ஆகாயத்தில் நெருங்கிப் பறப்பதில் உள்ள அபாயத்தையும் அந்த விசாரணை பேசிற்று.

பாஷை என்றதும், இங்கிலீஷ் போதாது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஸான் டியாகோவில் எல்லாருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி. அனுபவமும் குறைவில்லை. அனுபவம்தான் இடைஞ்சலோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது. பிரிட்டனில் தனியாகப் பறக்கிற மாணவன் ரேடியோவில் தன் விமானத்தின் பெயருக்கு முன்னால் 'மாணவன்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். அமெரிக்காவிலும் தன்னை மாணவன் என்று அறிவித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் கன்ட்ரோலர் நிதானமாகப் பேசுவார், கூடுதலாக ஒரு கண் வைப்பார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு மனிதனுக்கு முன்கூட்டியே அநுமதிச் சீட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டைப் பரீட்சை தேறிய அன்று பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் குறை. காப்டனுக்கு முன்னால் சேர்த்துக்கொள்ள அப்படி ஒரு சொல் இல்லை. மாமாவுக்கும் இல்லை.

போன வாரம் பேரன் போன் செய்தான். முதல் தடவையாகத் தனியாகச் சுற்றி வந்தானாம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கோபுரத்திலே சொன்னது சரியா விழலை தாத்தா. மறுபடி சொல்லுங்கோன்னேன். சொன்னார், அப்பவும் விழலை. மறுபடி கேட்டேன். மூணாவது தடவை எரிஞ்சு விழுந்தார். எல்லாரும் கேட்டுண்டிருந்தா."

"அப்புறம்?"

"அப்பவும் புரியலை. இன்னொரு தரம் கேட்டேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திருப்பிச் சொன்னேன். சரின்னார்."

"யாருடா அவர்?"

"யாருக்குத் தெரியும்? குரல்தானே" என்றான்.

மருமான் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். போனை அவனிடம் கொடுத்தேன்.